399: சாலையோரத்தில் குடும்பம் நடத்திய கரடி

2024 அக்டோபர் 22, செவ்வாய்க்கிழமை இரவு. அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில், ஜாக்சன் ஊருக்குத் தெற்கே ஸ்நேக் நதிப் பள்ளத்தாக்கின் வழியாகச் செல்லும் நெடுஞ்சாலையில் ஒரு கார் கரடியின் மீது மோதியது. கார் ஓட்டியவருக்குக் காயமில்லை. கரடி இறந்துவிட்டது. வந்து பார்த்த அதிகாரிகள் காதில் இருந்த வில்லையையும் தோலுக்கடியில் இருந்த மைக்ரோசிப்பையும் சரிபார்த்தார்கள். எண் 399.

மறுநாள் அந்தச் செய்தி உலகம் முழுக்கப் போனது. சாலையில் அடிபட்டுச் சாகும் விலங்குகளுக்கு இரங்கல் கட்டுரை எழுதும் வழக்கம் எங்கும் கிடையாது. இந்தக் கரடிக்கு எழுதினார்கள். 28 வயது. ஏறத்தாழ இருபது ஆண்டுகளாகக் கிராண்ட் டீட்டன் தேசியப் பூங்காவின் சாலையோரத்திலேயே குட்டிகளை வளர்த்துவந்த கிரிஸ்லி கரடி அது; கிரிஸ்லி என்பது வட அமெரிக்காவின் பழுப்புக் கரடி வகை. எட்டு ஈற்றில் 18 குட்டிகள் ஈன்றதாகக் கணக்கு. கோடையில் அங்கே காரில் வந்துபோன லட்சக்கணக்கானவர்கள் அதை நேரில் பார்த்திருக்கிறார்கள்.

இந்த மரணத்தில் என்னை உறுத்துவது அது நடந்த இடமும் காலமும்தான். ஜூன், ஜூலையில் சாலையின் இருபுறமும் கார்கள் மொய்த்துக் கிடக்கும் பூங்காவுக்குள் அது சாகவில்லை. கூட்டம் கலைந்துபோன இலையுதிர் காலத்து இரவில், பூங்காவின் எல்லையைத் தாண்டி வெகுதூரம் தெற்கே, சாதாரண நெடுஞ்சாலை ஒன்றில் இறந்தது. எங்கே ஆபத்து என்று எல்லோரும் நினைத்தார்களோ அங்கே தப்பியது; யாரும் கவனிக்காத இடத்தில் அடிபட்டது. இது ஏன் என்று கேட்டால் அந்தப் பகுதியின் நூறாண்டுச் சாலை வரலாற்றைக் கொஞ்சம் புரட்ட வேண்டியிருக்கிறது.

சாலையின் கிடப்பு

கிராண்ட் டீட்டனையும் அதற்கு வடக்கே உள்ள யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவையும் பார்க்கக் கிளம்பும் பலர் சால்ட் லேக் சிட்டி விமான நிலையத்தில் இறங்கி வாடகைக் கார் எடுக்கிறார்கள். அமெரிக்காவில் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பங்கள் கோடை விடுமுறைக்கென்று பட்டியல் போட்டால் முதல் சில இடங்களுக்குள் யெல்லோஸ்டோன் வந்துவிடும். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவைப் பின்னிருக்கையில் உட்காரவைத்து, குளிர்பெட்டியில் புளியோதரையும் தயிர்சாதமும் அடுக்கிக்கொண்டு போகும் வண்டிகளை அந்த வழியில் தாராளமாகப் பார்க்கலாம். வடக்கே போனால் ஆல்பைன் என்ற சிற்றூர். அங்கிருந்து ஸ்நேக் நதியை ஒட்டிப் பள்ளத்தாக்குச் சாலை. அது முடிந்து ஜாக்சன். ஜாக்சனைத் தாண்டினால் இடப்பக்கம் டீட்டன் மலைத்தொடர் திடீரென்று எழுந்து நிற்கும். அடிவாரக் குன்றுகள் இல்லை. சமவெளியிலிருந்து நேரே பாறை. உச்சி 4,199 மீட்டர். அதே சாலை பூங்காவுக்குள் ஓடி, ஜாக்சன் ஏரியைக் கடந்து, யெல்லோஸ்டோனின் தெற்கு வாயிலில் போய்ச் சேர்கிறது. உள்ளே எட்டு வடிவில் 228 கிலோமீட்டர் வளையச் சாலை.

ஆக, 399 இறந்த பள்ளத்தாக்கைக் கடந்துதான் அந்த வழியாக வருபவர்கள் 399-ஐப் பார்க்கப் போனார்கள். அந்தச் சாலையில் யாரும் கரடியைத் தேடிக்கொண்டு வண்டி ஓட்டுவதில்லை. ஆற்றில் ரப்பர் படகு விடுபவர்களைப் பார்ப்பார்கள். அடுத்த பெட்ரோல் நிலையம் எங்கே என்று பார்ப்பார்கள். வனவிலங்குப் பிரதேசம் பூங்காவின் பெயர்ப்பலகையில் தொடங்குகிறது என்பது பயணிகளின் கணக்கு. பெயர்ப்பலகை கரடிக்குத் தெரியாது.

இரண்டு பூங்காக்களும் அவற்றைச் சுற்றியுள்ள தேசிய வனங்களும் தனியார் பண்ணைகளும் சேர்ந்ததுதான் கிரிஸ்லியின் நாடு. பூங்காவுக்குள் ஒரு நிர்வாகம், வனத்தில் இன்னொன்று, நெடுஞ்சாலை மாநிலத்தின் கையில், குப்பைத்தொட்டி மாவட்ட நிர்வாகத்தின் கையில். கரடியோ மத்திய அரசின் காட்டுயிர்த் துறையின் பாதுகாப்பில். ஒரே விலங்குக்கு இத்தனை எசமானர்கள்.

பிச்சையெடுத்த கரடிகள்

யெல்லோஸ்டோன் 1872-இல் தேசியப் பூங்காவானது. 1915 ஆகஸ்டில்தான் கார்களை உள்ளே விட்டார்கள். கார் வந்த கொஞ்ச காலத்திலேயே கரடிகள் சாலைக்கு வந்துவிட்டன, ஏனென்றால் கார் கண்ணாடி வழியே ரொட்டி வந்தது. கருங்கரடிகள் வரிசையாக உட்கார்ந்து பிச்சையெடுத்தன. கிரிஸ்லிகளுக்கு வேறு ஏற்பாடு: விடுதிகளின் எச்சில் குவியலை மாலை நேரத்தில் கொட்டுவார்கள், அவை வந்து தின்பதை மரப்பலகை இருக்கைகளில் உட்கார்ந்து மக்கள் வேடிக்கை பார்ப்பார்கள். துப்பாக்கியோடு ஒரு காவலர் குதிரைமேல் உட்கார்ந்து விளக்கவுரை ஆற்றுவார். இதைப் பூங்கா நிர்வாகமே நடத்தியது. அந்தக் காலத்துப் புகைப்படங்களில் தொப்பி போட்ட ஆண்களும் குழந்தைகளைத் தோளில் வைத்த பெண்களும் அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார்கள்.

விலை மனிதர்களும் கொடுத்தார்கள், கரடிகளும் கொடுத்தன. 1931 முதல் 1969 வரை ஆண்டுக்குச் சராசரியாக 48 பேர் யெல்லோஸ்டோனில் கரடிகளால் காயமடைந்தார்கள் என்று பூங்காவின் பதிவேடு சொல்கிறது. பெரும்பாலும் கையால் தீனி நீட்டியவர்கள். இதற்காகப் பல கரடிகள் சுடப்பட்டன அல்லது தூக்கிச் செல்லப்பட்டன.

1970-ஐ ஒட்டிக் குப்பைமேடுகளை மூடினார்கள். இதில் பெரிய சண்டையே நடந்தது. 1959 முதல் அங்கே கிரிஸ்லிகளை ஆராய்ந்துவந்த ஜான், ஃபிராங்க் கிரெய்க்ஹெட் என்ற இரட்டைச் சகோதரர்கள், கரடிகளின் கழுத்தில் வானொலிப் பட்டை மாட்டிப் பின்தொடரும் முறையை முதலில் நடைமுறைக்குக் கொண்டுவந்தவர்கள், மூடுவதென்றால் படிப்படியாக மூடுங்கள் என்றார்கள். மூன்று தலைமுறையாக எச்சிலில் வளர்ந்த கரடியிடம் நாளையிலிருந்து காட்டுக்குப் போ என்றால் அது முகாம்களுக்குத்தான் வரும் என்பது அவர்கள் வாதம். நிர்வாகம் கேட்கவில்லை, சட்டென்று மூடியது. சகோதரர்கள் சொன்னதுபோலவே கரடிகள் முகாம்களுக்கு வந்தன, ஏராளமாகக் கொல்லப்பட்டன. 1975-இல் கிரிஸ்லியை அழியும் ஆபத்துள்ள உயிரினப் பட்டியலில் சேர்த்தபோது யெல்லோஸ்டோன் வட்டாரத்தில் சுமார் 136 மட்டுமே இருந்ததாக மதிப்பிட்டார்கள்.

மூடியது சரி, மூடிய விதம் தவறு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அந்தக் கசப்பான காலம் முடிந்தபின் புதிய தலைமுறைக் கரடிகள் வந்தன. மனிதன் கையிலிருந்து எதையும் தின்று பார்க்காதவை. அவற்றில் சில, 1980-களிலிருந்து, சாலையோரம் வந்து புல்லும் கிழங்கும் மேயத் தொடங்கின. கார் நின்றாலும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. இந்தக் கரடிகளை என்ன செய்வது என்று நிர்வாகத்துக்குக் குழப்பம். பழைய நினைப்பில் முதலில் விரட்டிப் பார்த்தார்கள், பிடித்து வேறிடத்தில் விட்டுப் பார்த்தார்கள். சாலைப்புல் மறுபடி முளைக்கும், வேறு கரடி வரும். கடைசியில் கரடியை விட்டுவிட்டு ஆட்களை ஒழுங்குபடுத்துவது என்ற முடிவுக்கு வந்தார்கள். 399 இந்த முடிவின் குழந்தை.

சாலையோரம் ஏன்?

1996-இல் பிறந்தது. 2001-இல் ஆராய்ச்சிக்காகப் பிடித்து எண் கொடுத்தார்கள். வட்டாரத்தில் பிடிக்கப்படும் கிரிஸ்லிகளுக்கு வரிசையாகத் தரப்படும் எண், அவ்வளவுதான். 2004-இல் ஒற்றைக் குட்டி, பிழைக்கவில்லை. 2006-இல் மூன்று குட்டிகளோடு குகையை விட்டு வெளியே வந்தபோது, அது போனது உட்காட்டுக்கு அல்ல, ஜாக்சன் ஏரியை ஒட்டிய சாலைகளுக்கு.

கிரிஸ்லிகளின் இணைசேரும் பருவம் மே தொடங்கி ஜூலை தொடக்கம் வரை. குட்டிகளோடு இருக்கும் தாய் இணைக்கு இணங்காது. அதனால் பெரிய ஆண் கரடிகள் குட்டிகளைக் கொன்றுவிடுவதுண்டு. குட்டிகள் போனால் தாய் மீண்டும் பருவத்துக்கு வரும். அந்தப் பெரிய ஆண்கள்தான் மனித நடமாட்டத்தைக் கண்டால் அதிகம் ஒதுங்குபவை. ஆகவே கார்கள் நெரியும் சாலையோரம் ஒரு தாய்க்கரடிக்குப் பாதுகாப்பான இடமாகிறது. ஸ்வீடனில் பழுப்புக் கரடிகளை ஆராய்ந்தவர்களும் இதையே கண்டார்கள்: குட்டிகளைக் காப்பாற்றிய தாய்கள் அந்தப் பருவத்தில் மனிதக் குடியிருப்புகளுக்கு நெருக்கமாக இருந்தன. சுற்றுலாப் பருவம் தொடங்குவதும் ஆண்களின் வெறி உச்சத்துக்குப் போவதும் ஒரே வாரங்களில். நாம் நம் மகிழ்ச்சிக்காகப் போகிறோம். அங்கே நம்மைக் காவலுக்கு நிறுத்திவிட்டு ஒரு தாய் பிள்ளை வளர்க்கிறது.

இன்னொரு காரணம் சாப்பாடு. ஜாக்சன் ஏரி விடுதிக்கு எதிரே வில்லோ ஃப்ளாட்ஸ் என்ற புதர்ச்சமவெளி. மே கடைசியிலும் ஜூனிலும் எல்க் மான்கள் அங்கே கன்று ஈனும். கன்றுகளை முதல் சில நாட்கள் புதருக்குள் ஒளித்துவைத்துவிட்டுத் தாய்மான்கள் மேயப்போகும். 399 மோப்பம் பிடித்துக்கொண்டு குறுக்கும் நெடுக்குமாக நடந்து ஒளித்துவைத்த கன்றுகளைக் கண்டுபிடிக்கும். விடுதியின் முற்றத்தில் காப்பிக் கோப்பையோடு நிற்பவர்கள் இதை நேரில் பார்த்தார்கள். மூன்று குட்டிகளும் பின்னாலேயே ஓடி அந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டன.

2007 ஜூனில் சோதனை வந்தது. அதிகாலையில் விடுதிக்குப் பக்கத்தில் நடைப்பயிற்சிக்குப் போனவர், எல்க் சடலம் ஒன்றைத் தின்றுகொண்டிருந்த 399-இன் குடும்பத்தை அறியாமல் நெருங்கிவிட்டார். கடித்துக் குதறியது. அவர் பிழைத்தார். பழைய காலமாயிருந்தால் அன்று மாலையே கதை முடிந்திருக்கும். ஆனால் விசாரித்தவர்கள் அதை இயல்பான தற்காப்பு என்று முடிவு செய்தார்கள்: குட்டிகள் இருந்தன, இரை இருந்தது, மனிதர் திடீரென்று வந்தார். அடிபட்டவரும் கரடியைக் கொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். விட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு 17 ஆண்டுகளில் 399 வேறு மனிதர் யாரையும் தாக்கவில்லை.

மனிதர்களைப் பொருட்படுத்தாமல் இருப்பது வேறு, மனிதர்களிடமிருந்து உணவு கிடைக்கும் என்று தெரிந்துகொள்வது வேறு. வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல இருக்கும்: கரடி சாலையோரம் நிற்கிறது, பயமில்லை. முதல் வகைக் கரடி முப்பது ஆண்டு வாழலாம். இரண்டாவது வகைக் கரடிக்குப் பெரும்பாலும் ஓரிரண்டு பருவம்தான். யெல்லோஸ்டோனிலும் டீட்டனிலும் காவலர்கள் ஒரு பிஸ்கட் துண்டுக்காக அவ்வளவு கடுமையாகப் பேசுவது இதனால்தான்.

முகாம்களில் ஒவ்வொரு கூடாரத்துக்கும் பக்கத்தில் பழுப்பு நிற இரும்புப் பெட்டி இருக்கும். வாசனை உள்ள எல்லாம் அதற்குள் போக வேண்டும்: சாப்பாடு மட்டுமல்ல, பற்பசை, சோப்பு, சமைத்த பாத்திரம், குளிர்பெட்டி, காலியாகக் கிடந்தாலும். தேங்காயெண்ணெய்ப் புட்டியும் இதில் சேர்த்தி என்று நம்மவர்களுக்குத் தனியே சொல்ல வேண்டும். குப்பைத்தொட்டியின் மூடியில் கைப்பிடி வெளியே தெரியாது. ஒரு தகரக் கூரைக்கு அடியில் விரல்களை நுழைத்து உள்ளே இருக்கும் நாக்கை அழுத்தினால்தான் திறக்கும். கரடியின் பாதம் அந்த இடைவெளிக்குள் நுழையாது. முதல் முறை வருபவர்கள் தொட்டி முன்னால் நின்று பூட்டியிருக்கிறதா என்று திகைப்பது வழக்கம்.

கரடி நெரிசல்

வளைவு திரும்பியதும் முன்னால் பிரேக் விளக்குகள். நாற்பது, ஐம்பது கார்கள். சில கார்கள் சாலை நடுவிலேயே கதவு திறந்தபடி, உள்ளே யாருமில்லை, எஞ்சின் ஓடுகிறது. முக்காலியில் பீரங்கி போன்ற லென்சுகள். ஒரு குழந்தை கார் கூரைமேல். கொஞ்ச தூரத்தில், ஆளுயரச் செடிகளுக்கு நடுவே, பழுப்பு முதுகு ஒன்று மெல்ல நகர்கிறது. தோளில் கிரிஸ்லிக்கே உரிய திமில். மஞ்சள் மேலங்கி போட்ட வயதான அம்மையார் ஒருவர், குரலை உயர்த்தாமல், ஆனால் இரண்டாம் முறை சொல்ல மாட்டேன் என்ற தோரணையில், ஆட்களைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே வருகிறார். “அது சாலையைக் கடக்கப் பார்க்கிறது. வழிவிடுங்கள்.” கூட்டம் இரண்டாகப் பிளக்கிறது. தாய் முன்னே, குட்டிகள் பின்னே, தார்ச்சாலையில் நகம் உரசும் சத்தத்தோடு கடந்து போகின்றன. யாரும் பேசவில்லை, காமிராக்கள் மட்டும் படபடக்கின்றன.

இந்த மஞ்சள் மேலங்கிக்காரர்கள் கிராண்ட் டீட்டனில் 2007-இல் தொடங்கிய வனவிலங்குப் படைப்பிரிவின் தொண்டர்கள். பெரும்பாலும் ஓய்வுபெற்றவர்கள். கரடிக்கும் ஓநாய்க்கும் 91 மீட்டர், மற்ற விலங்குகளுக்கு 23 மீட்டர் என்ற தூரக்கட்டுப்பாட்டை மக்கள் மீறாமல் பார்ப்பது அவர்கள் வேலை. இதைப் போலீஸ் வேலை என்பதைவிடத் திருவிழாக் கூட்டத்தில் தேருக்கு வழிவிடச் செய்பவரின் வேலை என்றே சொல்வேன்.

2021-இல் யெல்லோஸ்டோனுக்கு மட்டும் 48 லட்சத்துக்கு மேற்பட்டோர் வந்தார்கள். அத்தனை பேர் நடுவே இந்த ஏற்பாடு வேலை செய்தது என்பதுதான் ஆச்சரியம். முழுமையாக வேலை செய்யவில்லை என்பதும் உண்மை. 2016-இல் 399-க்கு ஒரே குட்டி, முகம் வெளுத்தது, எல்லோருக்கும் செல்லம். ஜூனில் ஒரு இரவு பூங்காச் சாலையில் ஏதோ ஒரு வண்டி அதை அடித்துப்போட்டுவிட்டு நிற்காமல் போனது. இரவில் மஞ்சள் மேலங்கி இல்லை. பூங்காவுக்குள் ஓடும் நெடுஞ்சாலையில் பகலில் மணிக்கு 88 கிலோமீட்டர், இரவில் 72 என்று வேகத்தைக் குறைத்துவைத்திருக்கிறார்கள். 72 கிலோமீட்டர் வேகத்திலும் இருட்டில் கருப்பு நிற விலங்கு முகப்பு விளக்கில் தெரியும் நேரத்துக்கும் பிரேக் பிடிக்கும் நேரத்துக்கும் இடையே பெரிய அவகாசம் இல்லை.

எல்லையைத் தாண்டிய குடும்பம்

2020 மே மாதம், 24 வயதில், நான்கு குட்டிகளோடு வந்தது 399. கிரிஸ்லிகளுக்கு இரண்டு மூன்று குட்டிகள் சகஜம். நான்கு அபூர்வம், அதுவும் அந்த வயதில். பெருந்தொற்றால் மூடிக்கிடந்த பூங்கா திறந்த அதே நாட்கள். அந்தக் கோடையின் நட்சத்திரம் அதுதான்.

நான்கு குட்டிகளும் தாயளவுக்கு வளர்ந்துவிட்ட 2021 இலையுதிர் காலத்தில் தகராறு தொடங்கியது. பனித்தூக்கத்துக்கு முன்பு கரடிகளுக்கு அடங்காப் பசி. நாளெல்லாம் தின்றுகொண்டே இருக்கும். ஐந்து பெரிய வயிறுகள். குடும்பம் தெற்கே, பூங்காவை விட்டு வெளியே, ஜாக்சனைச் சுற்றியுள்ள வீடுகளுக்கு நடுவே வந்தது. தேன்பெட்டிகள் உடைந்தன. கால்நடைத் தீவனம் காலியானது. அந்த நவம்பரில் ஓர் இரவு ஐந்தும் ஜாக்சன் ஊருக்குள்ளேயே நடந்து போயின. அதிகாரிகள் வண்டியில் பின்னாலேயே காவலுக்குப் போனார்கள். மத்திய காட்டுயிர்த் துறை ஆட்கள் வாரக்கணக்கில் இராப்பகலாகப் பின்தொடர்ந்தார்கள். ஒரு கரடிக் குடும்பத்துக்கு இவ்வளவு பாதுகாப்பு வேறெங்கும் கிடைத்திருக்காது. அந்த எண்ணுக்கு இருந்த புகழ்தான் காரணம். பெயர் தெரியாத கரடி என்றால் தேன்பெட்டி உடைந்த முதல் வாரமே கூண்டு வந்திருக்கும்.

2022 மேயில் 399 நான்கையும் பிரித்து அனுப்பியது. அவற்றில் ஒன்று, 1057 என்ற எண்ணுள்ள ஆண், தெற்கே அலைந்து குடியிருப்புகளில் உணவு தேடிப் பழகியது. ஜூலையில் அதை மாநில அதிகாரிகள் கொன்றார்கள். தாய்க்குக் கிடைத்த பொறுமை மகனுக்குக் கிடைக்கவில்லை. அந்த ஆண்டுதான் கரடி திறக்க முடியாத குப்பைத்தொட்டிகளை மாவட்டம் முழுவதும் கட்டாயமாக்கினார்கள். பூங்காவுக்குள் 1970-இல் புரிந்துகொண்டது பக்கத்து ஊருக்கு வந்துசேர 52 ஆண்டு.

2023 மேயில், 27 வயதில், ஒரு குட்டியோடு மறுபடி வந்தது. அந்த வட்டாரத்தில் குட்டி ஈன்றதாகப் பதிவான மிக வயதான கிரிஸ்லி. பற்கள் தேய்ந்திருந்தும் எல்க் கன்று வேட்டையாடியது.

அந்த இரவு

விபத்தை ஆராய்ந்தவர்கள், கார் ஓட்டியவர் வேக வரம்பை மீறவில்லை என்றார்கள். ரசிகர்களில் ஒரு பகுதி இதை ஏற்க மறுத்து யாரையாவது தண்டிக்க வேண்டும் என்று கொதித்தது. எனக்கு அந்தக் கோபத்தில் பொருள் தெரியவில்லை. குடித்திருந்தார், பறந்தார் என்றிருந்தால் தீர்வு எளிது. ஒழுங்காக ஓட்டிய ஒருவர் ஒழுங்கான வேகத்தில் மோதினார் என்பதுதான் இந்த நிகழ்வின் கடினமான பகுதி.

அக்டோபர் கடைசியில் என்னென்ன கூடிவந்தன என்று பாருங்கள். எல்க் மந்தைகள் மலையிலிருந்து கீழே இறங்கும் காலம். வேட்டைப் பருவமும் அதுவே. வேட்டைக்காரர்கள் இறைச்சியை எடுத்துக்கொண்டு குடலைக் காட்டில் விட்டுப் போவார்கள். கழுகுக்கு மூக்கில் வியர்த்ததுபோல் கரடிகள் வந்துவிடும். 399-க்கு அந்தச் சுற்று பல ஆண்டுப் பழக்கம். பொழுது சீக்கிரம் சாய்கிறது. சாயங்காலம் வீடு திரும்பும் போக்குவரத்து இருட்டில் ஓடுகிறது. ஜாக்சனில் வேலை பார்ப்பவர்களில் பலருக்கு அங்கே வீட்டு வாடகை கட்டுப்படியாகாது, பள்ளத்தாக்கைத் தாண்டி ஆல்பைன் பக்கம் குடியிருக்கிறார்கள், தினமும் போய்வருகிறார்கள். சாலைக்கு ஒருபுறம் மலைச்சரிவு, மறுபுறம் ஆறு. விலங்கு ஒதுங்க இடமில்லை. கார் என்றால் நின்று வழிவிடும் என்று இருபது ஆண்டு பார்த்துப் பழகிய கரடி, வழிவிடாத கார்கள் ஓடும் சாலையில் கால் வைத்தது. கடைசிக் காரணம் என்னுடைய ஊகம். கரடியின் மனதில் என்ன இருந்தது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் மற்றவை எல்லாம் கண்ணுக்குத் தெரியும் காரணங்கள்.

வேலி போட்டிருக்கலாமே என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். கனடாவின் பான்ஃப் தேசியப் பூங்காவில் டிரான்ஸ் கனடா நெடுஞ்சாலையின் 82 கிலோமீட்டருக்கு இருபுறமும் உயரமான வேலி, விலங்குகள் கடக்க 6 மேம்பாலங்களும் 38 சுரங்கப்பாதைகளும் உண்டு. பாலங்களின்மேல் மண் கொட்டி மரம் வளர்த்திருக்கிறார்கள். விலங்கு மோதல்கள் 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்தன. மான், எல்க் மோதல்கள் 96 சதவீதம். கிரிஸ்லிகள் இந்தப் பாலங்களை நம்பி நடக்கச் சில ஆண்டுகள் பிடித்தன, பிறகு குட்டிகளுக்கும் கற்றுக்கொடுத்தன. வயோமிங்கிலேயே பைன்டேல் அருகே 2012-இல் இரண்டு மேம்பாலங்களும் ஆறு சுரங்கப்பாதைகளும் கட்டினார்கள்; டீட்டனில் கோடையைக் கழிக்கும் கிளைக்கொம்பு மான்கள் அவற்றின் வழியாகத்தான் தெற்கே போகின்றன. 2019-இல் ஜாக்சன் வட்டார வாக்காளர்கள் இத்தகைய கடவுகளுக்காக ஒரு கோடி டாலர் செலவிட வாக்களித்தார்கள். பணம் இல்லை, மனம் இல்லை என்று சொல்ல முடியாது.

ஆனால் வேலியும் முழு விடையல்ல. 399 இறப்பதற்கு நான்கு மாதம் முன்பு, 2024 ஜூனில், பான்ஃபுக்கு அடுத்த யோஹோ பூங்காவில் நகோடா என்று மக்கள் அழைத்த வெள்ளை கிரிஸ்லி இறந்தது. அது வேலியின்மேல் ஏறக் கற்றுக்கொண்டிருந்தது. ஜூன் 6 காலையில் அதன் இரண்டு குட்டிகளும் காரில் அடிபட்டுச் செத்தன. அன்று மாலை ஊழியர்கள் பக்கத்திலேயே வேலியைச் சரிசெய்துகொண்டிருந்தபோது, ரயில் சத்தத்தில் மிரண்டு சாலைக்குள் பாய்ந்தது. ஒரு கார் தப்பித்தது, இன்னொன்று மோதியது. எழுந்து வேலியேறிக் காட்டுக்குள் போனது. பிழைத்துவிடும் என்று நினைத்தார்கள். இரண்டு நாளில் கழுத்துப்பட்டை இறப்புச் சமிக்ஞை அனுப்பியது. அங்கே காவல் இருந்தது, வேலி இருந்தது, வேகக் குறைப்பு இருந்தது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது: யோஹோவில் எல்லா ஏற்பாடும் இருந்து, அதிர்ஷ்டம் இல்லை. ஸ்நேக் பள்ளத்தாக்கில் ஏற்பாடு எதையும் செய்துபார்க்கவே இல்லை. முன்னதை விதி என்று விட்டுவிடலாம், பின்னதை விட முடியாது. 2021-லேயே அந்தக் குடும்பம் தெற்கே வருகிறது என்று தெரிந்திருந்தது. அக்டோபர், நவம்பரில் அந்தப் பகுதிக்கு மட்டும் இரவு வேகத்தைக் குறைக்க ஒரு பலகையும் ஓர் அறிவிப்பும் போதும். பாலம் கட்டும் செலவில்லை. பூங்காவுக்குள் செய்துபார்த்ததை வெளியே செய்யத் தடையாக இருந்தது சாலை வேறு துறையின் கையில் இருந்ததுதான்.

பிறகு

399 அடிபட்ட இடத்தில் அதன் 2023-இன் குட்டி இல்லை. தேடியும் கிடைக்கவில்லை; அந்த வயதுக் குட்டி தனியே பிழைக்க வாய்ப்புண்டு என்று அதிகாரிகள் ஆறுதல் சொன்னார்கள். 399-இன் உடலை எரித்துச் சாம்பலைப் பில்கிரிம் ஓடைப் பகுதியில், அது வாழ்ந்த இடத்திலேயே கொண்டுபோய்ப் போட்டார்கள். பாடம்செய்து அருங்காட்சியகத்தில் நிறுத்தாமல் விட்டது நல்ல முடிவு.

1975-இல் 136 ஆக இருந்த வட்டாரத்து கிரிஸ்லிகள் இன்று ஏறத்தாழ ஆயிரம். இதனால் பாதுகாப்புப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும் என்ற வாதம் வலுத்திருக்கிறது. 2007-இல் நீக்கினார்கள், நீதிமன்றம் திரும்பச் சேர்த்தது. 2017-இல் மீண்டும் நீக்கினார்கள், 2018-இல் மீண்டும் நீதிமன்றம். அந்த 2018-இல் வயோமிங் 22 கரடிகள் வரை வேட்டையாட அனுமதிச் சீட்டுக் குலுக்கலே நடத்திவிட்டது. ஆயிரக்கணக்கானோர் விண்ணப்பித்தார்கள், அதில் சீட்டு கிடைத்தால் சுடாமல் வைத்துக்கொள்வோம் என்று விண்ணப்பித்த கூட்டமும் இருந்தது. 399-ஐ ஆண்டுக்கணக்கில் படமெடுத்துவந்த புகைப்படக் கலைஞர் ஒருவருக்குச் சீட்டு விழுந்தேவிட்டது. வேட்டை தொடங்குவதற்கு முன்பே நீதிமன்றம் தடைவிதித்தது. 2025 ஜனவரியில் மத்திய காட்டுயிர்த் துறை பாதுகாப்பைத் தொடரலாம் என்று முன்மொழிந்தது.

எண்ணிக்கை கூடக் கூடக் கரடிகள் வெளியேதான் பரவும், பூங்கா நிரம்பிவிட்டது. அதனால் இனி வரும் மோதல்கள் ஸ்நேக் பள்ளத்தாக்கு போன்ற இடங்களிலேயே அதிகம் நடக்கும். சால்ட் லேக் சிட்டியிலிருந்து அந்த வழியாகப் போகிறவர்கள் ஆல்பைன் முதல் ஜாக்சன் வரையிலான பகுதியைப் பகல் வெளிச்சத்தில் கடக்கும்படி நேரத்தை வகுத்துக்கொள்ளலாம். விமானம் தாமதமாகி இருட்டிவிட்டால் ஆல்பைனிலேயே தங்கிவிட்டு விடிந்ததும் கிளம்புவது நல்லது. ஜாக்சனைவிட அங்கே அறை வாடகையும் பெரும்பாலும் குறைவு.